பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு: ஆறு புள்ளியும் என் பெயரும்

போன மாதக் கடைசி ஞாயிறு கோவைக்குப் போனேன், ஊர் சுற்ற அல்ல. பொள்ளாச்சியில் ஒரு எலும்பு மருத்துவமனையில் நான் பிசிஷியன் அசிஸ்டெண்ட். எங்கள் சான்றிதழைப் புதுப்பிக்க, பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து புள்ளி சேர்க்க வேண்டும். எனக்கு ஆறு புள்ளி குறைந்தது. மாதம் முடிவதற்குள் சேர்க்காவிட்டால் ஆபரேஷன் தியேட்டர் கிடையாது, வரவேற்பு மேஜைதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒன்பது வருடம் தையல் போட்ட கை டோக்கன் கிழிப்பதா? அதையும் பார்த்துவிடலாம் என்று, ஆறு புள்ளி தரும் ஒருநாள் வகுப்புக்குக் கிளம்பினேன்.

காலை 6.10க்குப் பொள்ளாச்சியில் பஸ் ஏறினால் 7.30க்கு உக்கடம். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். வலப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் முகத்திலேயே அடிக்கும். உக்கடத்திலிருந்து காந்திபுரத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். அங்கே ஒரு காபி குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். அவிநாசி சாலை அரங்கத்துக்கு எண்பது ரூபாய் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, டாக்டருங்களா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லீங்க."

"அப்ப நர்ஸுங்களா?"

"அதுமில்லீங்க. நோயாளிய விசாரிச்சு எழுதறது, டாக்டர்கூட நின்னு தையல் போடறது, அப்பறம் கட்டு பிரிக்கறது, இதெல்லாம் எம்பட வேலைங்க."

"அட, அப்ப பாதி டாக்டருன்னு சொல்லுங்க!"

"முழு பிசிஷியன் அசிஸ்டெண்டுங்க" என்றேன். சிரித்தார். ஆனால் இறங்கும்போது எண்பதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

8.20க்கு அரங்கம். கட்டணம் எழுநூற்றைம்பது, மதியச் சாப்பாடு உட்பட. பதிவேட்டில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். காலை வகுப்பு நெஞ்சு வலி பற்றி, மதிய வகுப்பு எலும்பு முறிவு பற்றி. மாவுக்கட்டு போட்டுக் காட்ட ஆள் கேட்டார்கள். முதலில் எழுந்தது நான்தான். சாப்பாட்டில் ரசம் பிரமாதம்.

4.30க்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்தால் எங்கள் டாக்டர் பெயர்!

தப்பு என்னுடையதுதான். மருத்துவமனையில் நான் எழுதும் ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் டாக்டர் பெயரை எழுதி, 'அவருக்காக' என்று போட்டு, ஓரத்தில் என் இனிஷியலைக் கிறுக்குவேன். அதுதான் அங்கே முறை. காலையில் பதிவேட்டிலும் கை அதையே எழுதியிருக்கிறது. ஒன்பது வருடப் பழக்கம். என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

மேஜையில் இருந்தவரிடம் சொன்னேன்.

"அச்சடிச்சாச்சுங்க, கம்ப்யூட்டர்லயும் ஏத்திப்போட்டேன்" என்றார். "ஒரே ஆஸ்பத்திரிதானுங்க? சார்கிட்டயே குடுத்துப்போடுங்க. அவருக்கும் புள்ளி வேணுமில்லீங்க?"

அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நாள் பூரா உக்காந்தது நானுங்க. மாவுக்கட்டு போட்டதும் நானுங்க. பேர மாத்தித் தர்ற வரைக்கும் இங்கிருந்து நகர மாட்டேனுங்க."

ஒரு நாற்காலியை இழுத்து அவர் மேஜைக்கு முன்னாலேயே போட்டேன். சுற்றிலும் மற்ற நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. டாக்டரே சொன்னால்தான் மாற்ற முடியும் என்றார் கடைசியில். போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"விடு சபீனா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

"அடுத்த மாசம் என்னைய தியேட்டருக்குள்ளயே விட மாட்டாங்க சார். இன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு மட்டும் இவர்கிட்டச் சொல்லிடுங்க."

போனில் அவருக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"ஆனைமலைல ஒரு கல்யாணத்துல" என்றார். "அவங்க பேருக்கே குடுத்துடுங்க."

பதிவேட்டில் பழைய வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். 5.40க்குப் புதுச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஆறு புள்ளி. திரும்பும் பஸ்ஸில் கிணத்துக்கடவு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன், கால் வலித்ததாக நினைவில்லை.

இப்படிப் போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் காந்திபுரம் வந்துவிடுங்கள். பதிவு எண், அடையாள அட்டை நகல் கையில் இருக்கட்டும். போக்குவரத்தும் கட்டணமும் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். பதிவேட்டில் என்ன எழுதினீர்கள் என்று அங்கேயே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தப்பாகிவிட்டால் பெருந்தன்மை காட்டாமல் உட்கார்ந்து திருத்தி வாங்குங்கள்.

திங்கட்கிழமை முதல் கேஸ் ஷீட்டில் வழக்கம்போல் டாக்டர் பெயரை எழுதி, 'அவருக்காக' என்று போட்டேன். ஓரத்தில் இனிஷியலுக்குப் பதிலாக முழுப்பெயரும் பதிவு எண்ணும் எழுதினேன்.

டாக்டர் பார்த்தார். "எதுக்கு இவ்வளவு நீளமா?"

"எழுதினது நான்தானுங்க சார்" என்றேன்.