குறட்டை என்று சொன்னார்கள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றே கால் மணிக்கு, திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு வாசலில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்த என் மகன் அப்படியே சரிந்தான். இருபத்து மூன்று வயது. கை கால்கள் சற்று வெட்டி இழுத்து அடங்கின. வலிப்பு என்று எதிர்வீட்டுக்காரர் தீர்த்துச் சொல்லிவிட்டார். லாரி டிரைவர் தன் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

தெருவில் தொலைபேசி எதிர்வீட்டில் மட்டும்தான், அதுவும் உள்கூடத்தில். எதிர்வீட்டுக்காரர் டாக்டரிடம் பேசினார். அவர் மனைவி ஜன்னலில் நின்று கேள்வியை எங்களிடம் கடத்தினார்.

“ஏனுங்க டீச்சர், மூச்சு இருக்குதான்னு டாக்டர் கேக்கறாருங்க.”

அவன் வாயிலிருந்து கொர்ரென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. நான் வாய் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார்: “இருக்குதுங்க, கொறட்டை உடறான்.”

ஜன்னலைத் தாண்டும்போது அது ‘நல்லாத் தூங்கறான்’ என்று ஆனது. உள்ளே எதிர்வீட்டுக்காரர் சிரித்தபடி சொன்னது வாசலுக்கே கேட்டது.

“கறிச்சோறு தின்னுபோட்டுத் தூங்கறானாட்ட இருக்குதுங்க.”

டாக்டர் வலிப்புக்கு உரியதைச் சொன்னார். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எழுப்பக் கூடாது, நான் வருகிறேன் என்று. நாங்கள் எழுப்பவில்லை.

பின்னால் சேலத்தில் ஓர் இதய மருத்துவரைத் தேடிப் போய்க் கேட்டேன். இதயம் நின்றவுடன் சிலருக்கு அப்படி வெட்டி இழுக்கும் என்றார். அதன் பிறகு விட்டு விட்டு வரும் அந்தச் சத்தம் மூச்சே இல்லையாம். கூப்பிட்டால் விழிக்கிறானா, எல்லோரையும்போல மூச்சு விடுகிறானா என்று கேட்டிருந்தால் தொலைபேசியிலேயே தெரிந்திருக்கும். நெஞ்சை அழுத்தச் சொல்லியிருக்கலாம். அன்று வாசலில், ரிக்கில் நாள் முழுக்க இரும்புக் குழாய் தூக்கும் ஆட்கள் நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

டாக்டர் வந்தபோது சத்தம் ஓய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கழுத்தைத் தொட்டார். இமையை விலக்கிப் பார்த்தார். குறட்டை எப்படி வந்தது என்று அப்போதுதான் கேட்டார். விட்டு விட்டு வந்தது என்றேன். அவர் பையைத் திறக்கவே இல்லை.

“அத மொதல்லயே சொல்லியிருக்க வேண்டாங்களா டீச்சர்?” என்றார்.