அக்கா வாசித்த பாட்டும் நான் வாசித்த பாட்டும்

என் பெரியம்மா மகளுக்கு விரல்கள் நீளம். எனக்கு நினைவு தெரிந்து எனக்கு நடந்த முதல் அநியாயம் அதுதான். அவள் என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவள். அந்த ஒரு வயதுக்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டாவது அநியாயம் அது.

பெரியம்மா குடும்பம் சிங்கப்பூரின் வடக்கே நீ சூன் பக்கம் ஒரு கம்பத்தில், பலகை வீடுகள் நிறைந்த ஒரு கிராமத்தில், இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு, ஈசூனில் அடுக்குமாடி வீடு தருவதாகச் சொன்னது. வீடு கட்டி முடிய நாளாகும் என்றார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் பையன்களோடு ஒரு வாடகை அறையில் ஒதுங்கிக்கொண்டு, அக்காவை மட்டும் ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். என் கட்டிலில் பாதி போனது. என் அலமாரியில் பாதி போனது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அம்மாவில் பாதி போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மாதான் எங்கள் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்று சபையார் ஆளுக்கொரு சுருதியில் தொடங்கி, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் போதகர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தி நேரே ஜெபத்துக்குப் போய்விட்டார். மறுவாரமே கமிட்டிச் செயலாளர் அம்மாவிடம் வந்தார்.

"சிஸ்டர், நாளைக்கு நீங்க ஊருக்குக் கீருக்குப் போயிட்டா யாரு வாசிப்பா? ஆள் ட்ரெயின் பண்ணணும் லா. பாட்டு நடத்தவும் ஆள் வேணும்."

அப்படித்தான் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஓர் அண்ணன் கித்தாரோடு வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் பாட்டு நடத்தக் கற்றுக்கொள்ள வந்தார். ஆர்கனுக்கு நானும் அக்காவும்.

அம்மா வகுப்பு நடத்திய விதம் யாருக்கும் பிடிக்கவில்லை. முதல் சில வாரங்கள் எவரையும் எதையும் தொட விடவில்லை. ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னாள். சனங்கள் எந்த வரியில் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று கவனித்துக்கொண்டு வந்து சனிக்கிழமை சொல்ல வேண்டும். பாட்டுப் புத்தகத்தில் காற்புள்ளி இருக்கும் இடத்தில் சபை மூச்சு வாங்காது, வேறெங்கோ வாங்கும் என்பாள். கித்தார் அண்ணனுக்குக் கொட்டாவி வந்தது. எனக்கு அழுகை வந்தது. நான் வந்தது ஆர்கன் வாசிக்க. தாத்தாக்கள் மூச்சு விடுவதைக் கேட்க அல்ல.

ஆர்கனில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொத்தான்கள் உண்டு. சா சா, ரும்பா, வால்ஸ் என்று நடனங்களின் பெயர் எழுதியிருக்கும். அமுக்கினால் தானாகவே கொட்டுச் சத்தம் வரும். ஒருமுறை பாவ அறிக்கை ஜெபத்தின் நடுவே யாருடைய முழங்கையோ பட்டு சா சா கிளம்பிவிட்டதாம். அன்று முதல் அம்மா அவற்றின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை நீளமாக ஒட்டி வைத்திருந்தாள்.

வீட்டில் எங்களுக்கு ஆர்கன் கிடையாது. பால்மாவுப் பெட்டியை வெட்டி, அந்த அட்டையில் அம்மா கட்டைகளை வரைந்து தந்தாள். சாப்பாட்டு மேசையில் அதை விரித்துப் பழக வேண்டும். கம்பத்தில் பக்கத்து வீட்டு யுரேஷியப் பெண்மணி ஒருவரிடம் அக்கா ஏற்கெனவே கொஞ்சம் பியானோ பழகியிருந்தாள். சத்தமே வராத அட்டையில்கூட அவள் என்னைவிட நன்றாக வாசித்தாள். அப்பா செய்தித்தாளை இறக்கிவிட்டு அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பழகும்போது, "மேசையை ஆட்டாதம்மா, காப்பி கொட்டுது" என்பார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அக்காவின் விரல்களை அம்மா பார்ப்பதுபோல என் விரல்களையும் ஒருநாள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக நான் பள்ளிக்கூட பஸ்ஸில் முன் இருக்கையின் முதுகில் பழகினேன். குளிக்கும்போது சுவரில் பழகினேன். இரவில் போர்வைக்குள் பழகினேன். பக்கத்தில் அக்கா ஒன்றும் பழகாமல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். வயிறு எரியும்.

அறுப்பின் பண்டிகை வந்தது. சிங்கப்பூரில் எங்களுக்கு வயலும் இல்லை, வரப்பும் இல்லை. ஆனாலும் வருடந்தோறும் அறுவடைக்கு நன்றி சொல்லாமல் விடமாட்டோம். மைலோ டின், அரிசி மூட்டை, அன்னாசிப்பழம், பாண்டான் கேக் என்று அவரவர் கையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு, பாடியபடியே வரிசையாகப் போய்ப் பீடத்தின் முன் வைப்பார்கள். பிறகு வெளியே ஏலமும் பிரியாணியும். அந்த ஆராதனையில் பயிற்சிக்கு வந்தவர்களே எல்லாம் செய்யட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆசிரியை பாட்டு நடத்துவார். பிரசங்கத்துக்கு முந்தின பாட்டு, எல்லோரும் அமைதியாக உட்கார்ந்து பாடும் நேரத்துப் பாட்டு, அக்காவுக்கு. சனங்கள் டின்னையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடக்கும் நேரத்துப் பாட்டு, சமையல்கட்டிலிருந்து பிரியாணி வாசனை உள்ளே வந்துவிட்ட நேரத்துப் பாட்டு, எனக்கு.

"எனக்கு ஏன்மா கடைசிப் பாட்டு?"

"அது உனக்குச் சரியா இருக்கும்."

இதைவிட மோசமாக ஒரு தாய் மகளை அவமானப்படுத்த முடியுமா என்று யோசித்துக்கொண்டே என் ஃப்ராக்கை நானே இஸ்திரி போட்டேன்.

பண்டிகை அன்று அம்மா ஆர்கனை விட்டு இறங்கி, மூன்றாவது வரிசையில் பெண்களோடு உட்கார்ந்தாள். அக்கா போய் உட்கார்ந்தாள். அவள் வாசித்ததைக் குறை சொல்ல எனக்கும் ஆசைதான், முடியவில்லை. தொடக்கத்திலேயே ஓர் இழுவை. வரிக்கும் வரிக்கும் நடுவே மணி உதிர்வதுபோல ஒரு ஓட்டம். முதல் சரணத்தில் எல்லோரும் பாடினார்கள். இரண்டாவதில் பாதிப் பேர். மூன்றாவதில் பாட்டு நடத்திய ஆசிரியையும் பின்வரிசையில் காது கேட்காத ஒரு தாத்தாவும் மட்டும் பாடிக்கொண்டிருந்தார்கள். மற்ற எல்லோரும் புத்தகத்தை மூடிவிட்டு ஆர்கனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு, அக்காவின் கைகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பெரியம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் என் நகத்தைக் கடித்தேன்.

பிறகு என் முறை. பெஞ்சில் ஏறினால் கால் ஒழுங்காக எட்டவில்லை. இடது கை இரண்டாவது வரியிலேயே காலை வாரிவிட்டது. பயத்தில் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் அடுத்த வரியின் முதல் கட்டையைத் தேட எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் சபை முழுதும் மூச்சை இழுப்பது கேட்டது. நான் தொட்டதும் அத்தனை பேரும் ஒன்றாக விழுந்தார்கள். யாரோ ஒரு அங்கிள் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே கட்டைக்குரலில் எடுத்தார். பெண்கள் மேலே ஏறினார்கள். கித்தார் அண்ணன் கித்தாரை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுக் கை தட்டினார். சத்தத்தில் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. என் தப்பை மூடத்தான் இப்படிக் கத்துகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. வரிசை முடிந்த பிறகும் விடாமல் கடைசிச் சரணத்தை இன்னொரு தரம் பாடவைத்து என்னைப் பழிவாங்கினார்கள்.

வெளியே பிரியாணித் தட்டோடு எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயோ, என்னமா வாசிக்கிறா! வெரி குட் லா, கேர்ள்!"

"ரேடியோல கேட்ட மாதிரி இருந்துச்சு!"

என்னிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரிசி மூட்டை அங்கிள் என்னைத் தாண்டிப் போனார். நான் வாசித்த பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டு போனார். என்னைப் பார்த்து, "பாப்பா, அச்சார் எங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். ஏலத்தில் அன்னாசிப்பழத்தைத் தூக்கிப் பிடித்தவரும் அதே பாட்டு. பாத்திரம் கழுவிய ஆன்ட்டிகளும் அதே பாட்டு. வாசித்தவளை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா கேட்டாள், "என்னடி, மூஞ்சி தொங்கிப்போச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நான் வாசிச்சது யாருக்குமே தெரியல."

"அப்படியா" என்று அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பல வருடம் மன்னிக்கவில்லை. பிறகு அக்காவின் தோளில் கை போட்டு, "அடுத்த தடவை கொஞ்சம் கம்மியா வாசி, கண்ணு. அவங்களையும் பாட விடு" என்றாள். எனக்கு அந்தக் 'கண்ணு' மட்டும்தான் கேட்டது.

அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதிப் பாட்டுகளை என்னிடம் தந்தாள். அக்காவுக்குக் கிறிஸ்மஸ் தனிப்பாடல், கல்யாணத்தில் மணப்பெண் நடந்து வரும் இசை. பளபளப்பானதெல்லாம் அவளுக்கு, பாத்திரம் தேய்க்கிற வேலை எனக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஈசூன் வீட்டுச் சாவி வந்து அக்கா புறப்பட்ட அன்று, என் கட்டில் முழுதாகத் திரும்பக் கிடைத்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

காரணத்தை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. பண்டிகை அன்று, அந்தக் கடைசிச் சரணத்தை இரண்டாம் முறை வாசித்தபோது, ஒரு விநாடி தைரியம் வந்து மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனை நாள் பஸ்ஸிலும் சுவரிலும் பழகியது அந்த ஒரு பார்வைக்காகத்தானே. அம்மா என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, கழுத்து நரம்பு தெரிய, வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண் இமைக்காமல் பார்த்தவள், நான் வாசிக்கும்போது கண்ணையே மூடிக்கொண்டாள். அம்மாவுக்கு யார்மீது பாசம் என்று அன்றோடு எனக்குத் தீர்மானமாகிவிட்டது. நான் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சபைக்கு முதுகைக் காட்டி ஆர்கனில் உட்கார்ந்திருந்த அம்மா, ஆலயத்தில் பாடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.