பக்கத்து சீட்டில் என் பை

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். யாரிடமும் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை.

அன்று பக்கத்து சீட்டில் என் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே படிக்க வந்திருந்த ஒரு பெண் ஏறினாள். "அக்கா, இங்க யாராவது வராங்களா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"ஆள் வருது" என்றேன். யாரும் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார எனக்கு ஒரு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். என் மகள் கருப்பு என்று, பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் வேண்டாம் என்றிருக்கிறார்கள். அந்த வலி தெரிந்த நான்தான் அப்படிச் சொன்னேன்.

பெண்களில் அவள் மட்டும் நின்றாள். புதுச்சத்திரம் தாண்டியதும் பின்னால் நின்றவன் அவள்மேல் சாய்ந்தான். "அண்ணா, தள்ளி நில்லுங்க" என்றாள்.

"பாருடா, கருப்பி தமிழ் பேசுது!" என்றான். பஸ்ஸே சிரித்தது.

அவன் மறுபடி சாய்ந்தபோது அவள் கத்தினாள். கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்தினார். "ஏம்மா, உன்னால ஒரே ரோதனையா போச்சு. எறங்கு" என்று அவளைத்தான் இறக்கிவிட்டார்.

அவன் கை எங்கே போனது என்று நான் பார்த்திருந்தேன். கண்டக்டரிடம் சொல்லவில்லை.

மறுவாரம் அவள் மீண்டும் ஏறினாள். அவசரமாகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காரும்மா" என்றேன்.

"பரவால்லக்கா, ஆள் வருவாங்க" என்றவள், முதுகைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கடலூர் வரை அந்த சீட் காலியாகவே வந்தது.

இப்போதெல்லாம் பை என் மடியில்தான் இருக்கிறது. அவள் கேட்பதேயில்லை.