உருகிய சிவப்பு மூடிகள்

ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறு கையில் ஈரத்துணியுமாகப் பவுலின் சமையலறையைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரு மடக்கு குடிப்பாள், மேடையை ஒரு இழுப்பு துடைப்பாள், சன்னல் வழியாகத் தேயிலைச் சரிவை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் கோப்பையை எங்கே வைத்தோம் என்று தேடுவாள். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே அந்த எஸ்டேட் குடியிருப்பில் அவள் உட்கார்ந்து தேநீர் குடித்துப் பார்த்தவர் யாருமில்லை. "உக்காந்தா காலு மரத்துப் போயிரும் லா" என்பாள். மாதா கோவிலில் சாமியார் பிரசங்கத்தைச் சற்று நீட்டினால் போதும், பெஞ்சின் நுனிக்கு வந்துவிடுவாள்.

கேக் சுட்டுக் கொடுப்பது அவள் தொழில். ஞானஸ்நானம், பிறந்தநாள், கல்யாணம் எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் முதலில் அவளுக்குத்தான் போன் வரும். கேக் வெந்துவிட்டதா என்று அவள் குச்சி விட்டுப் பார்ப்பதில்லை. தடித்த துணியால் தட்டைத் தூக்கிக் காதருகே வைத்துக் கேட்பாள். உள்ளே சலசலப்பு இருந்தால் திரும்ப ஓவனுக்குள் போகும். "கேக்கு பேசுறத நிப்பாட்டணும். அப்பதான் வெந்துச்சுன்னு அர்த்தம்." பவுலினின் கோணங்கித்தனங்களில் இதுவும் ஒன்று என்று மற்றவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

மலைமேல் இன்னொரு வழக்கம் உண்டு. இந்த ஈரத்தில் எந்த வீட்டிலும் முறுக்கு மொறுமொறுப்பாக இருக்காது, உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப் போகும். அதனால் மின்சார ஓவன் உள்ள வீடுகளில், சுடாத நாளெல்லாம் அதுதான் அலமாரி. முறுக்கு ஜாடி, அப்பளக் கட்டு, புதிதாக வாங்கிய பிஸ்கட் எல்லாம் உள்ளே போய்விடும். சூடேற்றுவதற்கு முன்னால் எடுத்து வெளியே வைக்க வேண்டும், அவ்வளவே. அவசரக்காரி ஒருத்தி அதை மறந்தால் என்ன ஆகும் என்பதைப் பவுலின் சென்ற புதன்கிழமை செய்து காட்டினாள்.

சனிக்கிழமை மகள் கரேனுக்குக் கல்யாணம். கரேன் ஈப்போவில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்ப்பவள், லீவு போட்டு வந்திருந்தாள். கல்யாணக் கேக்கைத் தானா ராத்தா டவுனில் ஒரு கடையில் சொல்லிவிடலாம், மம்மி அலைய வேண்டாம் என்பது அவள் எண்ணம். பவுலின் கேட்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அடுக்கு அடுக்காகச் சுட்டுக் கொடுத்தவள், பெற்ற மகளுக்குக் கடைக் கேக்கா வெட்டக் கொடுப்பாள்? மூன்றடுக்கு பட்டர் கேக், அடி அடுக்கைப் புதன்கிழமையே சுட்டுவிடுவது என்று முடிவு கட்டி, ஓவனின் குமிழைத் திருகிவிட்டு மாவு சலிக்கப் போனாள். விருந்தாளிகளுக்குச் சுட்ட அச்சுமுறுக்கு, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடிகளில், உள்ளேயே இருந்தது.

ஓவனுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தவள் கரேன்.

"மம்மி! என்னா வாடை இது! உங்க மூக்கு எங்க போச்சு?"

"சளி லா" என்றாள் பவுலின், கண் கலங்கி.

அது புகையினால் வந்த கலக்கமில்லை. சளியும் இல்லை. கோவிட் காய்ச்சலில் போன வாசம் அவளுக்குத் திரும்பவே இல்லை. காப்பி, மல்லிகை, கருவாடு எல்லாம் ஒன்றுதான். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்யும் கணவர் கொர்னேலியஸ் வாசலுக்கு வருமுன்பே முன்பெல்லாம் அவர் சட்டையின் தேயிலை வாசம் வந்து சொல்லும். இப்போது பின்னால் வந்து நின்று செருமினால் திடுக்கிட்டுத் திரும்புகிறாள். கேக்கைக் காதில் வைத்துக் கேட்பதும் அதற்குப் பிறகு வந்த பழக்கம்தான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூக்குச் செத்தவள் கைக் கேக்கை யார் நம்பி வாங்குவார்கள் என்ற பயம்.

ஓவனைத் திறந்தால், கம்பித் தட்டில் ஜாடிகள் சப்பையாகப் படுத்துக் கிடந்தன. சிவப்பு மூடிகள் வழிந்து அடித்தகட்டில் குளம் கட்டியிருந்தன. ஆறவிட்டிருந்தால் பாதி வேலை சுலபம். பவுலினா ஆறவிடுவாள்? கத்தியை எடுத்துச் சுடச்சுடச் சுரண்டினாள். பிளாஸ்டிக் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்து பக்கச் சுவர்களிலும் அப்பிக்கொண்டது.

"ஓவன் கழுவுற ஸ்பிரே வாங்கிட்டு வரவா?" என்றாள் கரேன்.

"வேணாம். அந்த நாத்தம் கேக்குல ஏறிக்கும்."

"இது மட்டும் ஏறாதா? ரொம்ப சுசா லா மம்மி, எதுக்கு இந்தக் கஷ்டம்? கடையில கேட்டு வச்சிருக்கேன், நாளைக்குச் சாயங்காலம் கூப்புடுவாங்க. வேணும்னு சொல்லிரவா?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குளிர்பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் பையில் கட்டிக் குளத்தின்மேல் வைத்தாள். குளிர்ந்து இறுகினால் பிளாஸ்டிக் சில்லுச் சில்லாக உடையும். ஆனால் காத்திருக்க வேண்டும். அவள் நாலு தட்டு கழுவுவாள், திறந்து பார்ப்பாள். இரண்டு துணி மடிப்பாள், திறந்து பார்ப்பாள். சாப்பாட்டுக்கு வந்த கொர்னேலியஸ், "இப்பிடித் தொறந்து தொறந்து பாத்தா ஐஸு தான் உருகும், பவுலி. கொஞ்சம் விடேன்" என்றார். அவருக்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

ஒருவழியாக, மரக்கரண்டியின் விளிம்பை வைத்துத் தட்டத் தட்டப் பெரிய துண்டுகள் பெயர்ந்து வந்தன. மெல்லிய சிவப்புப் படலம் மட்டும் பிடிவாதமாக நின்றது. கை பொறுக்கும் சூட்டில் இளக்கி, மரக்கரண்டியால் வழித்தாள். மிச்சத்துக்குச் சோடா மாவைக் குழைத்துப் பூசி இரவு முழுக்க விட்டாள். காலையில் வினிகர் தெளித்து, நுரைத்ததும் துடைத்தாள். பிறகு கதவு சன்னலெல்லாம் திறந்துவைத்து வெறும் ஓவனைச் சூடேற்றினாள். குளிர் வீட்டுக்குள் புகுந்து எல்லோரையும் ஜாக்கெட் போட வைத்தது.

வியாழன் பிற்பகல் ஓவன் பளிச்சென்று இருந்தது. கண்ணுக்குக் குறையில்லை. வாசத்துக்குத்தான் சாட்சி இல்லை. சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கேக் மாவை ஊற்றிச் சுட்டு, கொர்னேலியஸிடம் நீட்டினாள். மென்றார். "நல்லாருக்கு, பவுலி." அவள் ஒருமுறை சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டபோதும் இதே நல்லாருக்குதான். அந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கரேன் கூடத்தில் போனும் கையுமாக இருந்தாள். பவுலின் சமையலறை வாசல் வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். மகள் கல்யாணத்தில் பிளாஸ்டிக் வாடையடிக்கும் கேக்கை ஊர் முகம் சுளித்துத் தின்பது கண்முன் வந்து நின்றது.

"கரேன், இங்க வா."

வந்தவளின் தோளை அழுத்தி, அதற்குள் ஆறியிருந்த ஓவன் முன்னால் மண்டியிட வைத்தாள். அவள் தலைமுடியை மொத்தமாகச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள். "தலைய உள்ள விட்டு மோந்து பாரு."

"நீங்களே பாக்கலாமே மம்மி?"

"எனக்குத் தெரியாதுடி. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாசமும் வர்றதில்ல. பிளாஸ்டிக்கும் தெரியாது, பட்டரும் தெரியாது."

பாதி குனிந்தவள் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"அப்ப சளின்னு சொன்னது?"

"சளியெல்லாம் ஒண்ணும் இல்ல. மோந்து பாத்துச் சொல்லு. உள்ளத சொல்லு."

கரேன் தலையை உள்ளே விட்டு மெதுவாக மூச்சை இழுத்தாள். இடம், வலம், மேலே என்று முகத்தைத் திருப்பித் திருப்பி முகர்ந்தாள்.

"கீழ வாடை சுத்தமா இல்ல. மேல, அந்தக் கம்பிக்குப் பின்னால இன்னும் கொஞ்சம் வருது."

போன் அடித்தது. கடையிலிருந்துதான். கரேன் எழுந்து போய் எடுத்து, கேக் வேண்டாம், வீட்டிலேயே செய்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டு வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுபடி மண்டியிட்டாள்.

பவுலின் தன் கழுத்திலிருந்த ஏப்ரனைக் கழற்றி மகளின் கழுத்தில் மாட்டினாள். பின்னால் குனிந்து, அவிழாதபடி இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டாள்.