சாக்லேட் பெட்டியில் வந்த போல்ட்டுகள்

எங்கள் வீட்டுக் காருக்கு அம்மா கெடு வைத்திருந்தாள். வக்கான்ஸ் என்கிற லீவு முடிந்து சித்தப்பா பிரான்சுக்கு விமானம் ஏறுவதற்குள் அது ஓட வேண்டும்; இல்லையென்றால் காயலான் கடைக்குப் போகும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், புதுச்சேரியில் ஒரு பழைய பிரெஞ்சுக் காரோடு மாரடித்துக்கொண்டிருந்தவர் அப்பா. அதன்மேல் காட்டிய அக்கறையில் பாதியை என் படிப்பில் காட்டியிருந்தால் நான் டாக்டராகியிருப்பேன்.

கிளட்ச் மாற்றுவதற்காக, எஞ்சினின் பின்புறம் பெரிய தட்டுபோல் சுழலும் ஃப்ளைவீலை அப்பா கழற்றியிருந்தார். அதன் போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக் கூடாதாம். ஊரில் கிடைத்த எதற்கும் மரை ஒத்துவரவில்லை. சித்தப்பா பிரான்சிலிருந்தே சரியானவற்றை வாங்கி வந்திருந்தார். விமான நிலையத்தில் யாராவது நோண்டுவார்களோ என்று பயந்து, சாக்லேட் பெட்டிக்குள் வைத்துப் பளபளக்கும் தாளும் சுற்றியிருந்தார்.

சித்தப்பா வந்த அன்றே சூட்கேஸைப் பிரித்துத் தெருவுக்கும் சொந்தத்துக்கும் பங்கு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா அதில் கில்லாடி. மறுநாள் சித்தப்பா காலி சூட்கேஸைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார்.

"கனமா ஒண்ணு இருந்துதே அண்ணி, யாருக்குக் குடுத்தீங்க?"

"நெல்லித்தோப்பு அக்கா கடைசியா வந்தாங்க. அடியில அதான் கெடந்துது, குடுத்துட்டேன்."

நெல்லித்தோப்பு அத்தை, அப்பாவின் பெரியப்பா மகள். அப்பாவும் சித்தப்பாவும் நானும் ஒரே ஸ்கூட்டரில் பறந்தோம். அத்தை வீட்டு ஷோகேஸில், பீங்கான் பொம்மைகளுக்கு நடுவே, போல்ட்டுகள் துடைக்கப்பட்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தன. சித்தப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சாக்லேட்டு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா?"

"பிரான்ஸ்லேர்ந்து நீ தூக்கியாந்தது. ஏதோ அலங்காரச் சாமான்னு வச்சிட்டேன்டா."

விஷயம் தெரிந்ததும் அத்தையும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். முதல் போல்ட் அப்பாவின் விரலுக்கே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் ஸ்பானர் போட்டதும் ஃப்ளைவீல் சேர்ந்து சுற்றியது. அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, அதன் விளிம்புப் பற்களில் பெரிய ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து அழுத்திப் பிடித்தாள்.

"நான் புடிச்சிக்கிறேன். நீ முறுக்குடா!"

ஒன்றை முறுக்கி, அதற்கு எதிரில் இருப்பதை முறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். மறுநாள் சாயங்காலம், மற்றதையெல்லாம் பூட்டி முடித்து, அப்பா சாவியைத் திருப்பியதும் கார் ஒரு இருமல் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

எல்லோரும் நெருக்கியடித்துப் பிள்ளைச்சாவடி வரை போனோம். முன்சீட்டில் அத்தைதான். வழியில் சித்தப்பா கேட்டார்.

"அக்காவுக்குச் சாக்லேட்டு எங்க அண்ணி?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தப்பாவும் அவசரமாகக் கார் கண்ணாடியை இறக்கத் தொடங்கினார்.

"எனக்குச் சக்கர இருக்குடா. இனிப்பெல்லாம் ஆகாது" என்றாள் அத்தை, திரும்பிப் பார்க்காமல்.

அந்தச் சூட்கேஸில் அத்தை பேருக்கென்று எதுவுமே வரவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவள் எங்கள் வீட்டில் அதிரசத்தை ஒரு கை பார்த்தபோது, பரவாயில்லை, அத்தைக்குச் சர்க்கரை வியாதி குணமாகிவிட்டது என்று மனதாரச் சந்தோஷப்பட்டேன்.