கொம்பையா சாரோட தப்பே பண்ணாத டீமு

கொம்பையான்னு ஒரு ஆளு கீறாரு. உசரம்னா அப்படி ஒரு உசரம், என் வேன்ல ஏறினாருன்னா தலைய கழட்டி மடில வெச்சிக்கினுதான் ஒக்காரணும். ஒல்லியும் அதே கணக்குதான். ஒரகடம் ரோட்டுல கன்டெய்னர் லாரி ஒண்ணு வேகமா போச்சின்னா அந்தக் காத்துலயே வாலாஜாபாத் போய் எறங்கிடுவாரு, டிக்கெட் வேணாம்.

ஊரு தென்காசி பக்கம். மீசை மொளைக்க சொல்லவே இங்க வேலைக்கு வந்துட்டாரு. சேரப்பணஞ்சேரில ஒரு ரூமு, அதுல எட்டு பேரு. ஒருத்தன் பொரண்டு படுக்கணும்னா மீதி ஏழு பேருகிட்ட பர்மிசன் வாங்கணும். கார் சீட்டு செய்யற கம்பெனில லைன்ல நின்னு போல்ட்டு முறுக்கற வேலை. காண்ட்ராக்ட்டுதான். முறுக்கி முறுக்கி, தூக்கத்துல பக்கத்துல படுத்தவன் மூக்கையே முறுக்கி வெச்சிருக்காருன்னா பாத்துக்கோங்க.

அந்தக் கம்பெனி கொரியாக்கார ஆபீசருங்க ஞாயித்துக்கிழமை ஆனா பேஸ்பால் ஆடுவாங்க. புதர்ல போற பந்த பொறுக்கி போட ஒரு ஆளு வேணும்ல, நம்மாள இட்டுக்கினு போனாங்க. பொறுக்கிக்கினே ஆட்டத்த மொத்தமா கத்துக்கினாரு. ஒரு நாளு ஆளு கொறைஞ்சிச்சுன்னு எறக்கி வுட்டாங்க. இவரு எறிஞ்ச பந்த புடிச்ச ஆபீசருக்கு கை வீங்கி, மறுநாளு சாப்பாட்ட மேனேஜருதான் ஊட்டி வுட்டாராம்.

இந்தக் கதை தண்டலத்தாண்ட ஸ்கூல் வெச்சிருக்கற மாரிமுத்து சாரு காதுக்கு போச்சி. நான் வேன் ஓட்டற ஸ்கூலு அது. கரஸ்பாண்டென்ட்ன்னு நீட்டி சொல்ல சோம்பல்பட்டு எல்லாரும் அவர கரஸ்னுதான் கூப்புடுவாங்க. கொரியாக்காரனுக்கு பேஸ்பால்னா உசுரு, நம்ம பசங்க கப்பு அடிச்சா புது பில்டிங் கட்டித் தருவான்னு அவருக்கு ஒரு கணக்கு. கொம்பையாவ கூப்ட்டு சொன்னாரு.

"டிஸ்ட்ரிக்ட் கப்பு எடுத்தா நீ பர்மெண்டு கோச்சு. எடுக்கலன்னா வூட்டுக்கு நட."

பர்மெண்டு! அந்த ஒரு வார்த்தைக்காக இந்த ரோட்டுல எவ்ளோ பேரு தலைமுடி கொட்டி நிக்கறான் தெரியுமா? கொம்பையா மறுநாளே கம்பெனி வேலைய வுட்டாரு. நாப்பது வயசுல வுட்டா மறுபடி எந்த காண்ட்ராக்ட்காரனும் உள்ள சேக்க மாட்டான்னு கேட்டுல நிக்கற நாய்க்கு கூட தெரியும். இவருக்கும் தெரியும். ஆனாலும் வுட்டாரு.

பேஸ்பால் ஒண்ணும் பெரிய கம்ப சூத்திரம் இல்ல. கிரிக்கெட்டோட பங்காளி மாதிரி. பந்து மேல பறந்து வந்தா தரைல உழறதுக்குள்ள புடிக்கணும். கைல பட்டு நழுவிச்சின்னா போர்டுல எர்ரர்னு எழுதுவாங்க. யாரும் தொடாம கீழ உழுந்திச்சின்னா அது அடிச்சவன் தெறமை, எர்ரர் கெடையாது. இத்த மட்டும் தெரிஞ்சிக்கினா போதும்.

மொத நாளு பிராக்டிஸ்ல மணிமங்கலத்து பையன் ஜோயலு ஒரு பந்த வுட்டான். கொம்பையா திட்டல, அடிக்கல. நேரா ஆபீஸ் ரூம் போனாரு, குஷன் வெச்ச சேர் ஒண்ண தூக்கியாந்து மர நெழல்ல போட்டாரு.

"வால ஜோயலு, ஒக்காரு. இந்தா மோரு. இஞ்சி, கருவேப்பில எல்லாம் போட்டிருக்கு, குடி." அப்புறம் மத்த பசங்கள பாத்தாரு. "நீங்க எல்லாரும் கிரவுண்ட சுத்தி பத்து ரவுண்டு ஓடுங்கல."

"சார், வுட்டது அவன் சார்!"ன்னான் ஐயனாரு. சேரப்பணஞ்சேரி பையன், வாயில பேட்டரி போட்டவன்.

"அவன் வுட்டதுக்குத்தாம்ல நீ ஓடுத."

ஜோயலுக்கு கண்ணுல தண்ணி. "சார், நானும் ஓடறேன் சார், ப்ளீஸ் சார்."

"நீ குடில. டம்ளர்ல சொட்டு மிச்சம் இருந்தா அவனுவளுக்கு இன்னும் அஞ்சு ரவுண்டு."

பங்குனி வெயிலு. அந்த வெயில்ல கிரவுண்டுல முட்டைய ஒடச்சி ஊத்தினா ஆம்லெட்டு ஆவாது, நேரா கரி ஆயிடும். பசங்க ஓடறானுங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஜோயல பாத்து மொறைக்கறானுங்க. அவன் டம்ளர கவுத்து புடிச்சி கடைசி சொட்டு வரிக்கும் மோர முழுங்கறான். சாயந்தரம் வேன்ல அவன் பக்கத்துல ஒருத்தன் ஒக்காரல. சோத்து டப்பாவ தூக்கி ஜன்னல் வழியா வீசிட்டானுங்க. அன்னிலேந்து அவன் பேரு மோரு. நல்லா பொருத்தமா இருந்திச்சி, நானும் அப்படித்தான் கூப்புட்டேன்.

இன்னா சார் இது, நாலு சாத்து சாத்தினா முடிஞ்சிதுன்னு நான் கேட்டதுக்கு கொம்பையா சிரிச்சாரு.

"அடிச்சா மறந்துருவானுவ ரத்தினம். லைன்ல ஒருக்க நான் ஒரு போல்ட்ட வுட்டுட்டேன். சூப்பர்வைசர் என்னைய சேர்ல ஒக்கார வச்சி, கையில மோர குடுத்து, மொத்த லைனையும் என் கண்ணு முன்னால ஓ.டி. பாக்க வச்சான். ரூம்ல ஏழு பேரும் ஒரு மாசம் எங்கூட பேசல. அன்னைலேந்து இன்னைக்கி வரைக்கும் ஒரு போல்ட்டு வுட்டிருப்பேனா? இதாம்ல கல்ச்சரு. டீம்னா இப்படித்தான் கட்டணும்."

அவரு சொன்னது பொய்யில்ல. கொஞ்ச நாள்லயே எர்ரரு கொறைஞ்சிச்சி, அப்புறம் நின்னே போச்சி. ஸ்கூல் வாசல்ல "தவறே செய்யாத அணி"ன்னு பேனரு வெச்சாரு கரஸு. அதுல அவரு மூஞ்சிதான் பெருசு, பசங்க மூஞ்சில்லாம் மூக்குத்தி சைசு.

எர்ரரு எப்படி நின்னிச்சின்னு வேன்ல பின்னாடி சீட்ட கேட்டா தெரியும். ஐயனாரு புதுசா வந்த பசங்களுக்கு பாடம் எடுப்பான்.

"பந்து நேரா உன் மூஞ்சிக்கே வந்தா புடி. கொஞ்சம் சைடுல வந்தா? கிட்டயே போவாத. ஓடற மாதிரி நாலு அடி வெச்சிட்டு நின்னுடு. தொட்டாதான்டா எர்ரரு. தொடலன்னா எவனும் உன்ன சேர்ல ஒக்கார வெக்க முடியாது."

"தோத்துட்டா?"

"தோத்தா எல்லாரும் சேந்துதானடா தோக்கறோம். மோரு கெடையாதுல்ல?"

இது கொம்பையாவுக்கு தெரியாம போனதுக்கு காரணம் பேச்சிராஜு. டீம்ல பந்து எறியறவன். அவங்க அப்பாவும் தென்காசிலேந்து இங்க வேலைக்கு வந்தவருதான். ஊர்க்காரப் பயன்னு கொம்பையாவுக்கு அவன் மேல தனி பாசம். தெனம் ரெண்டு முட்டை, கால் சுளுக்கினா முதுகுல தூக்கிக்கினு டாக்டராண்ட போறது, எல்லாம் நடக்கும். அவன் எறியற வேகத்துக்கு எதிர் டீம்காரன் பேட்ட வீசி முடிக்க சொல்ல பந்து பெங்களூரு பஸ்ல ஏறி சீட்டு புடிச்சிருக்கும். ஒருத்தனும் அடிக்கல. அடிச்சாத்தான புடிக்கணும்? அப்படியே பைனல் வரிக்கும் போய்ட்டாங்க.

பைனல் அன்னிக்கு கொரியாக்காரருங்க ரெண்டு பேரு வந்து பந்தல்ல ஒக்காந்திருந்தாங்க. கரஸு பட்டு வேட்டி. கொம்பையா புது சட்டை, அட்டைய கூட காலர்லேந்து எடுக்கல.

கடைசி கட்டம். நம்ம டீமு ஒரு ரன்னு முன்னாடி. இன்னும் ஒருத்தன அவுட் பண்ணா கப்பு. எதிர் டீமுக்கு ரெண்டு பசங்க நடுவுல ஓடறதுக்கு ரெடியா நிக்கறானுங்க. பேச்சிராஜுக்கு கை ஓஞ்சி போச்சி, பந்து மெதுவா போச்சி. அடிச்சான் பாரு ஒருத்தன்!

பந்து வானத்துக்கு ஏறிச்சி. எறங்கவே மனசில்லாம மேலயே நின்னிச்சி. அந்த நேரத்துல நான் ஒரு டீ குடிச்சி, கிளாஸ கழுவி வெச்சிருக்கலாம். அவ்ளோ சுலுவான பந்து. ஜோயலுக்கும் ஐயனாருக்கும் சரியா நடுவுல எறங்குது. ரெண்டு பேரும் நாலு அடி ஓடினானுங்க. நின்னானுங்க. ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்தானுங்க.

"ஏலேய், புடிங்கல! எவனாச்சும் புடிங்கல!" கொம்பையா கத்தினது காஞ்சிபுரம் கோவில் வரிக்கும் கேட்டிருக்கும்.

பொத்துன்னு உழுந்திச்சி. நடுவுல நின்ன எதிர் டீம் பசங்க ரெண்டு பேரும் ஓடி வந்து ரன்ன எடுத்துட்டானுங்க. கப்பு போச்சி.

போர்டுல நம்ம டீமுக்கு எர்ரரு ஜீரோ.

"யாரு பந்துல அது?" கொம்பையா கிரவுண்டு நடுவுக்கே ஓடி வந்துட்டாரு.

"அவன் பந்துன்னு நெனச்சேன் சார்."

"நானு அவன் பந்துன்னு நெனச்சேன் சார்."

"யாரு மேலயும் தப்பு இல்ல சார்"ன்னான் ஐயனாரு. "போர்ட பாருங்க சார்."

அதுக்குள்ள கரஸு வந்துட்டாரு. கொரியாக்காரருங்க காரு கெளம்பின தூசி இன்னும் அடங்கல. கொம்பையா கைய கட்டிக்கினு, அவ்ளோ உசரத்த பாதியா மடிச்சிக்கினு நின்னாரு.

"இன்னும் ஒரு வருசம் குடுங்க சார். கம்பெனிய வுட்டுட்டு வந்துட்டேன் சார். போக எடமில்ல."

ஆட்டம் பாக்க வந்திருந்த பசங்களோட அப்பா அம்மாங்க முன்னாடி வெளாட்டு காட்ட கரஸுக்கு ஆசை வந்துட்டுது.

"நீ சொல்லாதய்யா, பசங்க சொல்லட்டும். யாராவது ஒருத்தன் முன்னாடி வந்து, இந்த சாரு வேணும்னு சொல்லுங்க, வெச்சிக்கறேன். ஆனா அடுத்த வருசம் தோத்தா, சொன்னவன்தான் எனக்கு பதில் சொல்லணும். யாருடா?"

கொம்பையா மூஞ்சில லைட்டு எரிஞ்சிச்சி. ஒருத்தன் போதுமே! பேச்சிராஜு பக்கம் திரும்பினாரு. அவன் குனிஞ்சி, நல்லா கட்டியிருந்த ஷூ லேச அவுத்து மறுபடியும் மொதல்லேந்து கட்ட ஆரமிச்சான். அப்படி ஒரு அழகான முடிச்ச நான் பாத்ததே இல்ல. ஐயனாரு பந்தல் கம்ப எண்ணிக்கினு இருந்தான். ஜோயல பாத்தாரு. அவன் ஒரு நிமிசம் வாயத் தொறந்தான். எல்லா பசங்களும் அவன பாத்தானுங்க.

"சார், தண்ணி குடிச்சிட்டு வரவா?"ன்னான்.

மொத்த கூட்டமும் சிரிச்சிச்சி. எனக்கே வயிறு வலிச்சிச்சி. கொம்பையாவும் சிரிச்சாரு பாவம், சிரிச்சா கொஞ்சம் எரக்கம் வரும்னு நெனச்சாரோ இன்னாவோ.

"அவ்ளோதான்யா. நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்க"ன்னு சொல்லிட்டு கரஸு கார்ல ஏறிட்டாரு.

திரும்பி வர சொல்ல கொம்பையாவ ஒரகடம் கூட்டு ரோட்டுல எறக்கி வுட்டேன். பழைய கம்பெனி கேட்ட பாத்து நடந்தாரு. கேட்டு சாத்தியிருந்திச்சி. இன்னிக்கி வரிக்கும் வாரத்துல ரெண்டு வாட்டி அந்த வாசல்ல போய் நிக்கறாருன்னு வாட்ச்மேன் சொல்லி சிரிக்கறான். வெளியூர்லேந்து வர புது பசங்கள உள்ள வுடற நேரத்துல, அவங்களோடயே நைசா வரிசைல நின்னுக்குவாராம். அந்த உசரத்துக்கு எங்க ஒளிய முடியும்? மொத ஆளா வெளிய இழுத்து வுட்டுடறாங்க.

வேன்ல பசங்க? அவரு எறங்கின ஒடனே பேச்சிராஜு அவரு ஒக்காந்திருந்த முன் சீட்டுக்கு தாவி வந்து கால நீட்டிக்கினான்.

"ரத்தினம் அண்ணே, படப்பைல பிரியாணிக்கு நிறுத்துங்கண்ணே."

நிறுத்தினேன். நல்லா சாப்புட்டானுங்க.