சகாயம்மாள் அடித்த சுண்ணாம்பு

திருவேற்காட்டில் அந்தப் பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்தின் மொட்டை மாடி மழைக்கு ஒழுகியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் பக்தவத்சலம் ஆள் வைத்து, மாடி முழுக்கக் கறுப்புத் தார் ஷீட் ஒட்டினார். ஒழுகல் நின்றது. வெயில் பிறந்ததும், மாடிக்கு நேர் கீழே இருந்த சகாயம்மாளின் வீடு அடுப்பாகிவிட்டது.

அவள் கணவர் ஜெயபாலுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் வேலை, இரவு ஷிஃப்ட். பகலில்தான் தூங்கியாக வேண்டும். நாற்பது டிகிரியில் எவன் தூங்குவான்? ஒருநாள் மிஷின் முன்னால் கண் அசந்தார். விரல் மயிரிழையில் தப்பியது.

வெள்ளை அடித்தால் வெயில் உள்ளே இறங்காது என்று, மறுநாளே சகாயம்மாள் சுண்ணாம்பு கரைத்து, பசை கலந்து, மாடியேறினாள். அவர் படுக்கும் உள்ளறைக்கு மேலே மட்டும் மூன்று பூச்சு. யாரையும் கேட்கவில்லை. கேட்டதற்குத்தான் முன்பே, “ஏசி வாங்கிக்கோ” என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்களே!

“அடுத்த கூட்டம் வர்றதுக்குள்ள அத்த சுரண்டிடணும்,” என்றார் தரைத்தளத்தில் குடியிருக்கும் பக்தவத்சலம்.

அவள் சுரண்டவில்லை. சங்கக் கூட்டம் மாதம் ஒரு வீட்டில், ஞாயிறு மூன்று மணிக்கு. இம்முறை அவள் வீடு.

“கீழ என் ஊட்லயே வச்சிக்கலாம்மா.”

“முறைன்னா முறைதான் சார். மேல வாங்க.”

வந்தார்கள். ஹாலில் ஃபேன் அனலை வாரி இறைத்தது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி நாற்பது காட்டியது. சகாயம்மாள் அதைக் கழற்றி உள்ளறையில் மாட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தாள். உள்ளே ஜெயபாலின் குறட்டை. சிறிது நேரத்தில் முப்பத்தாறு.

பக்கத்து வீட்டுத் தாட்சாயிணி நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டாள். “யக்கா, எங்க ஊட்டவிட ஜில்லுனு கீது!” ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்தது. செயலாளர் மட்டும் ஹால் நடுவில் வேர்த்து வழிந்தார்.

“இன்னாம்மா, படம் காட்றியா? பர்மிஷன் இல்லாம அடிச்சது தப்பு. சுரண்டித்தான் ஆவணும்.”

“சுரண்டுங்க சார். அதுக்கு முன்னாடி உள்ள போயி அவர எழுப்பி, இனிமே பகல்ல தூங்காதேன்னு நீங்களே சொல்லிட்டு வாங்க.”

பக்தவத்சலம் எழுந்து கதவு வரை போனார். குறட்டை நிற்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்,” என்றார், குரலைத் தாழ்த்தி.

“பேசுங்க. அதுக்குள்ள ஹாலுக்கு மேலயும் அடிச்சிடுவேன்.”